மீரான் கொடுத்த பென் டிரைவ்

நிலவுத் தென்முனை நிலையம். பதிவு: எஸ்தர், பொறியாளர்.

காலை 08:10
காற்று, நீர், மின்சாரம் சரி. நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். மீரான் பனிக்கட்டி மாதிரி எடுக்க ரோவரில் இருட்டுப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்கிறான். பெரிய கணினி வழி சொல்கிறது, அவன் ஓட்டுகிறான். போகும்போது எனக்கு வைத்திருந்த உப்புமாவையும் காலி செய்துவிட்டான், தின்னிப்பயல்.

காலை 10:35
சூரியப் புயல். பெரிய கணினி கருகிவிட்டது. பூமித் தொடர்பு இல்லை. ரோவரின் விளக்குகளும் போய்விட்டன. சக்கரம் ஓடுகிறது, ரேடியோ பேசுகிறது. ஆனால் பள்ளம் முழுக்கப் பிளவுகள். எது பிளவு, எது பாதை என்பது வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதன் ஒரே நகல், முந்தைய குழு விட்டுப்போன பழைய மடிக்கணினியில் இருக்கிறது. மீரானிடம் மாலை வரைக்கும்தான் ஆக்சிஜன்.

காலை 11:20
மடிக்கணினி ஆன் ஆகிறது, ஆனால் உள்ளே விடவில்லை. பூமியோடு இணைந்து புதுப்பித்தால்தான் திறக்குமாம். இழவெடுத்தது!

ரேடியோவில் மீரான்: "எஸ்தரக்கா, என் பெட்டில ஒரு பென் டிரைவ் கிடக்கும். சும்மா கிடைக்கிற ஓஎஸ்தான், பூட்டிக் கிடக்கிறதுக்குப் பதிலா இது ஓடும். சொருகிட்டு ஆன் பண்ணுங்க. ஒண்ணும் தெரிய வேண்டாம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு குடுத்துட்டே போங்க. பச்சப்புள்ளகூட போட்டுரும்."

காயலான் கடையில் வாங்கிய மடிக்கணினிகளுக்கெல்லாம் இதைப் போட்டே உயிர் கொடுத்தவன். இந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லி என் காதைத் தின்றிருக்கிறான். இன்று கேட்க இனிக்கிறது.

பகல் 12:05
திறந்தது! சோதித்துப் பார்க்கவா, நிறுவவா என்று தமிழிலேயே கேட்டது. நிறுவு என்றேன். நெக்ஸ்ட். நெக்ஸ்ட். நெக்ஸ்ட். எதையும் நின்று படிக்கவில்லை.

பகல் 12:50
நிறுவியாயிற்று. ரேடியோவையும் இணைத்துவிட்டேன். ரோவர் நிற்கும் இடம் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. வரைபடத்தைத் தேடுகிறேன். எல்லாக் கோப்புறையும் காலி.

பகல் 13:15
பென் டிரைவை மறுபடி ஓடவிட்டு இப்போதுதான் படித்தேன். மூன்றாவது திரையில், தானாகவே தேர்வாகியிருக்கும் வரி: வன்வட்டில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவு.

அவனுடைய காயலான் கடை மடிக்கணினிகளில் அழிய எதுவுமே இருந்ததில்லை. அதனால் அவனுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்திருந்தாலே வரைபடத்தைத் திறந்திருக்கலாம். ஐயோ கர்த்தாவே, என்ன காரியம் செய்துவிட்டேன்!

மாலை 15:40
அழிந்ததை மீட்கும் மென்பொருளுக்கு இணையம் வேண்டுமாம். நிலவில் எங்கே போக?

"என்னக்கா, ஆச்சா?"

காலிக் கோப்புறைகளை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

"அக்கா, மூச்சு முட்டுது. படம் வந்துட்டா, இல்லியா?"

16:25
"வந்துட்டு" என்றேன்.

"நாந்தான் சொன்னேம்லா! எந்தப் பக்கம் திருப்ப?"

நின்ற இடத்திலேயே நின்றால் நிச்சயம் செத்துவிடுவான். நகர்ந்தால் ஒருவேளை தப்பலாம். உண்மையைச் சொன்னால் பயந்து ஓட்டவே மாட்டான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

"இடது பக்கம். மெதுவாப் போ."

புள்ளி நகர்கிறது. சந்தோஷத்தில் பாடிக்கொண்டே வருகிறான்.

அடுத்து எந்தப் பக்கம் என்று கேட்கிறான்.