கட்டிய காசுக்கு ஒரு மணி நேரம்

ஜூன் 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். கோர்ட்டுக் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. பந்து சரியாக எழும்பவில்லை. ஆனாலும் ஆடினோம்.

குற்றாலம் ரோட்டு ரிசார்ட்டில் இன்று முதல் சீசன் கட்டணம். மணிக்கு 1200 இருந்தது, இப்போது 2000. நாலு பேர், தலைக்கு 500. முன்கூட்டியே கட்ட வேண்டும். வராவிட்டால் திரும்பக் கிடையாது.

கண்ணாடிச் சுவருக்குள் டென்னிஸ் மாதிரி ஆடும் இந்தப் பேடலை ஆரம்பித்த நாலு மாதத்தில்:
மட்டை (பழசு) 4500
ஷூ 2800
பந்து, மூன்று டப்பா 1650
முட்டி வலிக்கு டாக்டர், உறை 900
கோர்ட் வாடகை: கூட்டிப் பார்க்கவில்லை, பயம்

சர்க்கரை குறைந்திருக்கிறது. "சும்மா நடந்தாலே கொறஞ்சிருக்கும்" என்கிறார் இவர். போலீஸ்காரர் கணக்கு. ஆனால் வாய்க்கால் கரையில் நாலு வருஷம் நடந்தும் எனக்கு ஒரு ஜன்னத்து கிடைக்கவில்லையே.

ஜன்னத்துக்கு ஊர் கடையநல்லூர். வயது 29, என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறாள். ஜரிகை, மணி, முத்து எல்லாம் அவள் ஊசியில் ஏறும். வீட்டுக்காரர் சவுதியில். நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், எதிரே காலேஜ் டீச்சர்கள் இரண்டு பேர். இன்று ஜெயித்தோம். டீ அவள் செலவு.

ஜூன் 14, சனி. மாலை

எழுத ஓடவில்லை.

மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம். இருட்டோடு எழுந்து ஐந்தருவி. வீட்டிலேயே உடம்பு முழுக்க நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு போனோம். அருவியில் சோப்பு, சீயக்காய் போட விடமாட்டார்கள். எவ்வளவு நேரம் நின்றாலும் எண்ணெய் முழுசாகப் போகாது. வீட்டுக்கு வந்துதான் தேய்த்துக் குளிப்போம். சீசனில் எல்லோரும் அப்படித்தான்.

எனக்கு ஏழு மணிக்குக் கோர்ட். வீட்டுக்குப் போய் வந்தால் அரை மணி நேரம் போய்விடும். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே போய்விட்டேன். மட்டையோடு ஒரு கைப்பட்டை உண்டு, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், அது விதி. ஈரத்தில் உறுத்தியது. மாட்டவில்லை.

பந்து உயரமாக வந்தது. ஓங்கி அடித்தேன். கையில் மட்டை இல்லை. வலைக்குப் பக்கத்தில் நின்ற ஜன்னத்து, பந்து எங்கே என்று அந்த நேரம் பார்த்துத் திரும்பினாள். வலது கண்.

"யா அல்லா" என்று ஒரே ஒரு சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் காரில் திருநெல்வேலி. கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம். தலையை உயர்த்தி வைத்துப் படுத்தே கிடக்க வேண்டும். அவள் மாமியார் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா பட்டுச்சு?"

"சாரல்ல மட்டை வழுக்கிட்டும்மா."

சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

நாத்தனார் குடும்பம் கிளம்பியது. எண்ணெய்ப் பாட்டிலை மறந்து வைத்துவிட்டார்கள். பார்க்கவே பிடிக்கவில்லை.

இவரிடம் மட்டும் சொன்னேன். "எண்ணெய்னு வெளிய மூச்சு விடாத. நாளைக்கு கேஸு கீஸுன்னு வந்தா யாரு அலையுதது? சாரல் சாரலாவே இருக்கட்டும்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார். அதுதான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

கேஸைக் கண்டெல்லாம் எனக்குப் பயம் இல்லை. அவள் என்னை அக்கா என்று கூப்பிடாமல் போய்விடுவாளோ என்று பயம்.

ஜூன் 17, செவ்வாய்

கோர்ட் நாள். போகவில்லை. 500 போயிற்று. அது நினைவுக்கு வந்ததற்கே என் மேல் எரிச்சல்.

பால் கார்டு. சமையல் கேஸ் புக் செய்ய வேண்டும். மட்டையைப் பரணில் போட்டாயிற்று.

போனில் ஜ.: "வலி இல்லக்கா. கட்ட மாத்தும்போது பாத்தா மேல ஃபேன் ரெண்டு ரெண்டா சுத்துது." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜூன் 28, சனி

வெயில். கடையநல்லூர் போனேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள். ரத்தம் கரைந்துவிட்டது. ஆள் தெரிகிறது, முகம் கலங்கலாக. இதற்கு மேல் தெளியுமா என்று டாக்டருக்கே தெரியவில்லையாம்.

மரச் சட்டத்தில் அரக்குக் கலர் ரவிக்கைத் துணி, பாதி மயில். ஆவணிக் கல்யாணத்துக்கு வந்தது. மற்ற இரண்டு ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். மணியை எடுத்து ஊசி முனைக்குக் கொண்டுபோகிறாள். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாமல் முனைக்கு முன்னாலேயே விட்டுவிடுகிறாள். மணி தரையில் உருளுகிறது. மறுபடியும்.

மாமியார் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, அன்னைக்கு மட்டை வழுக்குனது சாரல்ல இல்ல. எண்ணெய்க் கையோட வந்துட்டேன். பட்டையும் மாட்டல."

"தெரியும்க்கா."

நிமிரவில்லை. மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதக் கேம்லயே பந்து வழவழன்னு இருந்துச்சு. ஒங்க மேல நல்லெண்ணெய் வாசம். பட்டை தொங்குததையும் பாத்தேன்."

"பொறவு ஏன்ட்டி சொல்லல?"

"நீங்க அங்கன போயி கை கழுவிட்டு வந்தா பத்து நிமிசம் போயிருமுல்லா. ரெண்டாயிரம் ரூவா கட்டிருக்கோமேன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மணி மறுபடியும் கீழே விழுந்தது. பொறுக்கிக் கொடுத்தேன்.