இலை கேட்டவளுக்கு இலை

ஆங்கீரச வருஷம், ஐப்பசி 14

விடிந்ததிலிருந்து மூட்டம். எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியவில்லை. வெள்ளை உர மூட்டைகள் ஈரம் குடித்துக் கல்லாகிவிட்டன, உலக்கை போட்டுத்தான் உடைக்க வேண்டும். தேயிலை விலை விழுந்த பிறகு எந்தத் தோட்டமும் உரம் எடுப்பதில்லை.

மாலை டிக்கோயா ரோட்டு நிலம். கேப்பை முளைத்து ஐந்து வாரம். குட்டை, கொஞ்சம் மஞ்சள். பயமில்லை.

மேல் துண்டு இன்னும் வேலாயியிடம். ஓடை அவள் துண்டில் புகுந்துதான் என்னுடையதற்கு இறங்குகிறது. அது இல்லாமல் என் துண்டு பாதி நிலம். தோட்டத் துரையிடம் கேட்டாயிற்று. அவள் விட்டால் உனக்கு என்றார்.

விடமாட்டாள். கொழுந்து எடுத்தவள், புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். தோட்டத்து ஆள்பதிவில், அந்தச் செக்ரோலில், பேரை வெட்டிவிட்டார்கள். தையில் கதிர் காட்டினால் லயத்துக் காம்பராவில் இருக்கலாம், காட்டாவிட்டால் மூன்று பேரும் ரயிலேறிக் கடல் தாண்டி மண்டபம் போக வேண்டும் என்பது துரை வைத்த பேச்சு. இங்கேயே பிறந்தவள். அக்கரையில் யாரும் இல்லையாம்.

கார்த்திகை 3

தூறல். வீட்டில் பல்வலி, கிராம்பு அனுப்பினேன்.

வேலாயி கடைக்கு வந்தாள். உள்ளே ஏறவில்லை, படியிலேயே நின்றாள்.

"தேயிலைக்குப் போடுவாங்களே வெள்ளை உரம், அதுல ஒரு சாக்கு குடுங்க முதலாளி. காசு இல்ல. ஒங்க பாத்தியில பத்து நாளு களை புடுங்கிக் குடுத்துர்றேன்."

கொடுத்தேன். கேட்டதைத்தான் கொடுத்தேன்.

இருபது வருஷம் கொழுந்து பறித்த கை. உரம் விழுந்த மலை கறுத்துத் தழைக்கும், கூடை நிறையும், அது அவள் கண்ணால் கண்ட கணக்கு. தேயிலைக்கு இலையே மகசூல். கேப்பைக்கு இலை வெறும் இலை. வெள்ளை உரம் இலையை மட்டும் ஏற்றும். தண்டு நிற்கச் சாம்பல் வேண்டும், மணி பிடிக்க எலும்புத்தூள் வேண்டும். எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வருஷம் முன்னால் சோளத்துக்கு வெள்ளை உரமாகக் கொட்டினேன். கரும்பு மாதிரி எழுந்தது. உரித்தால் கதிரில் இங்கொரு பல் அங்கொரு பல். பட்டுத் தெரிந்துகொண்டேன். அவளும் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இந்தப் போகம் நான் போட்டது: ஃபாக்டரி அடுப்புச் சாம்பல், எலும்புத்தூள், மாட்டெரு. வெள்ளை உரம் ஒரு கைப்பிடி, அதுவும் ஆரம்பத்தில். எலும்புச் சாக்கை வீட்டுப்படி ஏற்ற என் வீட்டுக்காரி விடவில்லை. நிலத்திலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டு வைத்திருக்கிறேன்.

கார்த்திகை 21

வெயில், அபூர்வமாக. பருப்பில் வண்டு, காயப்போடச் சொன்னேன்.

வேலாயி களை எடுக்கிறாள். நல்ல வேலை, வேரோடு வருகிறது. அவள் கேப்பை இடுப்புக்கு மேல் நிற்கிறது. கறுப்புப் பச்சை. லயத்துச் சனங்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அவர்கள் காதில் விழவே சொன்னாள்:

"முதலாளி கேப்பை கோழி மேஞ்ச மாதிரி இருக்கு. சொந்தக் கடை உரத்தப் போட மனசு வரல போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கூட்டம் கலைந்த பிறகு தணிந்த குரலில் கேட்டாள், நெசமாவே இதுக்கு என்னா போட்டீங்க என்று. நான் சொன்னது: "ஒண்ணுமில்ல புள்ள. சாணிதான்."

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

போகும்போது, சட்டி துலக்கச் சாம்பல் வேண்டுமென்றாள். குவியலில் ஒரு கூடை அள்ளிக் கொடுத்தேன். எலும்பு கலக்காத சுத்தச் சாம்பல். தலையில் வைத்துக்கொண்டு தன் பாத்தி வழியாகத்தான் நடந்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்கழி 10

இரண்டு நாள் காற்று, மழை. நானுஓயாவிலிருந்து உருளைக்கிழங்கு வரவில்லை.

என் கேப்பை நிற்கிறது. கதிர்கள் மூடிய கை மாதிரி, உள்ளே மணி. அவளுடையது இன்னும் இலை விட்டுக்கொண்டிருந்தது, கதிர் பிந்தித்தான் தலைகாட்டியது. இப்போது மொத்தமும் படுத்துவிட்டது, எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி ஒரே பக்கமாக. தாயும் பெண்களுமாக மானாப்புல் திரித்துக் கட்டுக்கட்டாகத் தூக்கி நிறுத்தினார்கள். ஒன்றை நிறுத்தினால் பக்கத்தில் இரண்டு சாய்கிறது.

இன்னொரு தடவை உரம் போட்டால் நிமிருமா என்று மேலேயிருந்து கேட்டாள். போட்டுப் பாரு என்றேன். அரைச் சாக்கு கொடுத்தனுப்பினேன். அதற்கு வேலை கேட்கவில்லை.

மார்கழி 26

வீட்டுக்காரி கேட்கிறாள், அந்தப் பொம்பளைக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று. சோறு போடு என்றேன்.

தை 5

பொங்கல் வியாபாரம் சுமார். வெல்லம் மிச்சம்.

என் அறுப்பு முடிந்தது. கதிரைக் கசக்கினால் மணி கையில் தங்குகிறது, கடுகு நிறம், நல்ல கனம்.

பிறகு கணக்கப்பிள்ளை மேல் துண்டுக்குப் போனார். துரை அனுப்பியிருக்கிறார். நானும் போனேன். ஒரு கதிரைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி ஊதினார். கையில் ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒன்றுமில்லை. மூன்றாவதை வேலாயியே பறித்து நீட்டினாள். அதில் நாலு மணி இருந்தது. சின்னப் பெண் விரல் வைத்து எண்ணினாள்.

"பச்சையாத்தானே இருந்துச்சு ஐயா," என்றாள் வேலாயி. "தோட்டத்துலயே இவ்வளவு பச்சை கெடையாது."

மாட்டுக்கு ஆகும் என்றார் கணக்கப்பிள்ளை. வெள்ளிக்கிழமை ரயில்.

தை 8. வெள்ளி

பனி. மிளகாய் மூட்டை பிரித்தேன், அடியில் பூஞ்சணம்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வேலாயி கடைப்படியில் வந்து நின்றாள். பெண்கள் ரோட்டோரம், ஆளுக்கொரு துணிமூட்டை. சாம்பல் கூடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம்.

"கணக்கப்பிள்ளை ஐயா சொன்னாங்க, சாம்பலு போட்டிருந்தா நின்னிருக்குமாம்."

ஆமாம் என்றேன்.

"அன்னைக்குக் கேட்டேன்ல, முதலாளி."

மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தேன். தட்டு ஆடி நிற்கும் வரை அதையே பார்த்தேன். தலையைத் தூக்கியபோது படியில் கூடை மட்டும்.

மாலை துரையைப் பார்த்தேன். மேல் துண்டு எனக்கு. அவள் தட்டையை அறுக்க வேண்டாம், அப்படியே கொத்திப் புதைத்தால் மட்கி நல்ல எருவாகும். அவ்வளவு உரமும் அதில்தானே இருக்கிறது. களைகூட இல்லை.

கூடையில் கால்வாசிச் சாம்பல் மிச்சம். மேல் துண்டில் கொட்டிவிட்டு வந்தேன்.