துர் என்றால் எழுந்திரு

இஸ்தான்புல்,
வெள்ளிக்கிழமை

அம்மா, உங்கள் இரு கைகளையும் முத்தமிட்டு எழுதுகிறேன். நம் ஊர் கார்ஸில் பனி விழத் தொடங்கியிருக்கும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

தையல் பட்டறையில் ஒரு வேடிக்கை நடந்தது. என் பக்கத்து மெஷினில் கிர்கிஸ்தானிலிருந்து வந்த பெகிமாய் தைக்கிறாள். அவள் தையல் கோணலானதைப் பார்த்த மேஸ்திரி நெஜ்தெத், மெஷினை நிறுத்தச் சொல்லி, "துர்" என்று கத்தினார். அவளோ எழுந்து நின்றாள்.

"நிறுத்துன்னா எந்திரிக்கிற?"

"எங்க ஊர்ல துர்னா எந்திரின்னுதாண்ணே அர்த்தம்."

"பொழைக்க வந்தவ எனக்கு துருக்கி பாஷை கத்துத் தரியா? நாளையிலேருந்து வராத."

எனக்குப் பொறுக்கவில்லை. துருக்கி இலக்கியம் படித்துவிட்டுத்தானே இங்கே தைக்கிறேன்.

"மேஸ்திரி, நம்ம பழைய பாஷையிலயும் அதுக்கு எந்திரிச்சு நிக்கறதுன்னு அர்த்தம் உண்டு. நிறுத்து, இரு, காத்திருங்கறதெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது," என்றபடி நானும் எழுந்தேன்.

"துர்" என்று என் முகத்துக்கு நேரே கத்தினார். வரிசையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். "நீங்கதானே சொன்னீங்க மேஸ்திரி," என்றாள் ஒருத்தி.

மெஷின்கள் ஓய்ந்ததும் முதலாளி ஓடிவந்தார். பெகிமாய் வேலையில் இருக்கிறாள். என்னைத்தான் இஸ்திரிப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கை கொஞ்சம்தான் சுட்டது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். போனில் பேச ஒன்றுமில்லாவிட்டாலும் உடனே வைத்துவிடாதீர்கள், அடுப்பில் தேநீர் கொதிக்கும் சத்தமாவது கேட்கட்டும்.

இதைக் கொண்டுவரும் பஸ் கிளம்பப் போகிறது. மன்னிப்புக் கேட்டால் பழைய மெஷினையே தருவதாக மேஸ்திரி சொல்லியனுப்பினார். கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மகள்,
பெர்ரின்