ஏழு ஊரில் தூக்கிய கை

சதுரங்கப்பட்டினம்
18.6.2001

அன்பு மகள் ஹரிப்ரியாவுக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீ போனில் இரண்டு நிமிடத்தில் சொன்ன சுகத்தை அவள் நம்பவில்லை, விவரமாக எழுது. சண்டிகரில் வெயில் கொளுத்துகிறதாமே, மோர் குடி, மத்தியானத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றாதே. இங்கே உப்புக்காற்றில் ஹால் ஃபேன் துருப்பிடித்துக் கிறீச்சிடுகிறது.

காலேஜில் படிக்கும்போது நீ தொடங்கிய வீதி நாடகத்தை உன் சிநேகிதன் தாமோதரன் விடாமல் நடத்துகிறான். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் சிப்பி மாலை விற்கும் பிள்ளைகள்தான் இப்போதும் நடிகர்கள். நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன வேஷமும் தொடர்கிறது. நாடகத்தின் கடைசியில், மாலை விற்கும் பெண்ணாக நடிப்பவள், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க யார் வர்றீங்க என்று கேட்பாள். கூட்டத்தில் யாரோ மாதிரி நிற்கும் நான் கை தூக்கி, நான் சேர்க்கிறேன் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். திருக்கழுக்குன்றம், திருவிடந்தை என்று ஏழு ஊரில் தூக்கியாயிற்று. முப்பது வருடம் ஸ்டோர்ஸ் வேலையில் மூன்று தடவை படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவன், இதை மட்டும் யோசிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழக்கமாக நடித்த பெண்ணைத் தாமோதரன் இந்த மாதம் செங்கல்பட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டான். அந்த இடத்துக்குச் சின்னப்பொண்ணு என்ற ஒன்பது வயதுப் பெண், நான்தான் நடிப்பேன் என்று அவனை அரித்து எடுத்துவிட்டாள். தாய் தகப்பன் இல்லை, அத்தையோடு பஸ் ஸ்டாண்டிலேயே படுக்கை. பார்த்துப் பார்த்தே வசனமெல்லாம் மனப்பாடமாம். சனிக்கிழமை மாமல்லபுரத்தில் நன்றாகத்தான் செய்தாள். நானும் கை தூக்கி, கூட்டி வந்து, ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, தாமோதரனிடம் விலாசம் கேட்டுக்கொண்டு நம் வீட்டு வாசலில் நிற்கிறாள், தலையில் எண்ணெய் வழிய, அத்தையோடு. என்னம்மா என்றேன். இன்னா சார், நேத்து சேத்து வுட்றேன்னு சொல்லிட்டு இப்ப இன்னான்னு கேக்குறே என்கிறாள். அது நாடகம் என்றேன். அந்தக்கா உன் கூடதானே போச்சு, இப்ப இஸ்கூல்ல கீது, அதுக்குத்தான் நானும் நடிச்சேன் என்றாள். கூட்டத்தில் கை தூக்குகிறவர் நம் ஆள்தான் என்று அவளிடம் சொல்ல எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா அவளுக்கு தோசை வார்த்துப் போட்டுவிட்டு, எட்டாவது ஊர்லயாவது சொன்னதைச் செய்யுங்க என்றாள்.

இன்று பள்ளிக்கூடம் போனோம். அத்தைக்குக் கையெழுத்து வராது. பிள்ளை வராத நாளில் போய்க் கூட்டி வர ஒரு காப்பாளர் வேண்டும் என்றார் தலைமையாசிரியை. டூரிஸ்ட் சீசன்ல மட்டும் மாலை விக்க நிறுத்திக்கிறேன் சார் என்று அத்தை இப்போதே அடிபோடுகிறாள், நான் விடுவதாக இல்லை. படிவத்தை மூன்று தடவை படித்தேன். பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது. கை தூக்குனவருன்னு எழுது சார் என்றாள் சின்னப்பொண்ணு. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், தலைமையாசிரியையும் அதை அடித்துத் திருத்தவில்லை.

உன் பழைய பள்ளிப் பை எந்தப் பரணில் இருக்கிறது என்று மறக்காமல் எழுது. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அப்பா
சதாசிவம்