ஸ்பீக்கருக்காகப் போர்ட் லூயிசுக்கு

என்னங்க,

சாம்பார் அடுப்பின் மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். ரேடியோகிராம் ஸ்பீக்கர் கிழிந்ததற்கு, "வேற வாங்கிக்கலாம்" என்று நேற்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்! எனக்குத் தூக்கமே வரவில்லை. வேறு எதில் வீணை ரிக்கார்டு இப்படிக் கேட்கும்? கம்பெனி இன்னும் இதற்குப் பாகங்கள் அனுப்புகிறதா என்று போர்ட் லூயிஸ் ஏஜெண்டிடம் கேட்கப் போகிறேன். தயவுசெய்து நீங்கள் அந்தக் கிழிசலில் பசை தடவாதீர்கள்.

அலமு

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நீலமேகத்தைப் பார்த்தேன், திரும்பி வந்து இதை எழுதுகிறேன். அவர் வீட்டிலும் இதே ரேடியோகிராம்தானே. கம்பெனி இந்த ஸ்பீக்கரைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டதாம். "வீண் அலைச்சல், போகாதீங்கம்மா" என்றார். ஆனாலும் ஏஜெண்ட் வாயால் கேட்காமல் என்னால் இருக்க முடியாது, போகிறேன். சாயங்காலம் நம் வக்குவா பஸ் நிறுத்தத்துக்கு வந்து நில்லுங்கள். ஏஜெண்டும் இல்லை என்று சொல்லிவிட்டால், தனியாக வீட்டுக்கு நடந்துவர எனக்குத் தெம்பிருக்காது.