தோழி வேடம்

ஜூன் 9, செவ்வாய்

வேதியியல் ரெக்கார்டு நோட்டு எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை. வயிறு எரிகிறது.

எங்கள் பள்ளியில் சினிமாப் படப்பிடிப்பு நடக்கப்போகிறது. கதாநாயகிக்குத் தோழியாக நடிக்க நிஜமான மாணவி ஒருத்தி வேண்டுமாம். உதவி இயக்குநர் எங்கள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தார். நான் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். கன்னத்துப் பருக்களை மறைக்க முடியை இழுத்துவிட்டேன். கண்ணாடி இல்லாததால் அவர் மூஞ்சியே எனக்குத் தெரியவில்லை என்பது வேறு விஷயம். குரல் மட்டும் நன்றாகக் கேட்டது. "இந்தப் பொண்ணு கரெக்டா இருக்கும்."

சின்னுவைக் காட்டி!

ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருபவள்தான். உயிர்த் தோழிதான். அதற்காகப் பொய் எழுத முடியுமா? என்னைவிட ஒரு சுற்றுப் பெரிசு. முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். அவள் தெரிந்த கண்ணுக்குப் பக்கத்தில் இருந்த நான் தெரியவில்லையா?

ஜூன் 10

இன்றைக்கும் எரிகிறது.

ஜூன் 15, திங்கள்

படப்பிடிப்பு. கயிறு கட்டி எங்களை மைதானத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கதாநாயகியும் பதினொன்றாம் வகுப்பு மாணவியாம். அண்ணன் சொன்னான், அவளுக்கு இருபத்தாறு வயதாம். சீருடையில் ஒரு சுருக்கம் இல்லை. வியர்த்தால் ஒற்றியெடுக்க ஓர் ஆள். குடை பிடிக்க இன்னோர் ஆள். நிஜமாகப் பதினாறு வயதான எங்களில் ஒருத்திகூட அப்படி இல்லை. அவளைப் பார்த்த பிறகு, நாங்கள்தான் தப்பாக வளர்ந்துவிட்டோமோ என்று தோன்றியது.

அந்தக் குடைக்குள் சின்னுவும் நின்றாள்.

ஜூன் 16

"ஹீரோயின் அக்கா என் தலைய தடவிக் குடுத்தாங்கடி! திரும்பிப் பாத்து சிரிக்கச் சொன்னாங்க. ஒரே டேக்ல ஓகே!" — சின்னு.

"ஒரு சீன்தானே. வெட்டிடுவாங்க," என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவைக்கிறேன்: சந்தோஷமாகத்தான் இருந்தது.

நவம்பர் 8, ஞாயிறு

படம் வந்துவிட்டது. சின்னு தன் வீட்டு ஆட்கள் எல்லோரையும் தியேட்டருக்குக் கூட்டிவந்தாள். என்னையும்தான். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் எனக்கு இடம்.

வெட்டவில்லை. கதாநாயகி என்று நினைத்துக் கதாநாயகன் காதல் கடிதத்தோடு பின்னால் வந்து தோளைத் தொடுகிறான். திரும்புவது சின்னு. பல் தெரியச் சிரிக்கிறாள். அவன் "ஐயோ அம்மா!" என்று அலறிப் படிக்கட்டில் உருளுகிறான். தியேட்டரே சிரித்தது.

நானும் சிரித்தேன். எங்கள் வரிசையில் முதலில் சிரித்தது நான்தான். அவள் அம்மாவும் பாதி சிரித்து நிறுத்திக்கொண்டார்.

அவன் அலறியதை வேறொரு நாள் எடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரியவே தெரியாது.

நவம்பர் 11

சின்னு நடந்தால் வராந்தாவில் பையன்கள் அலறுகிறார்கள். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். மதியச் சாப்பாட்டைப் பாதிக்கு மேல் தொடுவதில்லை. பாவமாக இருக்கிறது.

ஆனால் பள்ளி முழுக்க அவளைத் தெரியும்! ஆறாம் வகுப்புப் பொடிசுகள்கூட விரலை நீட்டுகிறார்கள். கேலிக்காவது அவளைப் பார்க்கிறார்கள். என்னை எந்த நாய் பார்க்கிறது? ச்சே. என்ன ஜென்மம் நான்?

நவம்பர் 20, வெள்ளி

உதவி இயக்குநர் சின்னு வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். அடுத்த படம், அதே மாதிரி வேடம். முடியாது என்றுவிட்டாளாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்போ அவர் நம்பரை எனக்குக் குடு."

"உனக்கு வேணாம்டி."

"ஏன்? நீ மட்டும்தான் நடிக்கணுமா?"

அவளுக்குப் பொறாமை! நான் வந்துவிட்டால் அவளை யார் பார்ப்பார்கள்? கடைசி மணி அடித்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதி என் பைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 21

அம்மாவிடம் கேட்டு, அம்மா போனிலிருந்தே உதவி இயக்குநருக்கு என் புகைப்படம் அனுப்பினேன். சித்தி கல்யாணத்தில் எடுத்தது. கண்ணாடி இல்லை, முகத்தில் பவுடர், நானா என்று எனக்கே சந்தேகம்.

பதில்: "இது வேணாம்மா. சாதாரணமா இருக்கற மாதிரி ஏதாவது இருக்கா?"

அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான் இருந்தது. கண்ணாடி, எண்ணெய் வழியும் தலை, கன்னம் நிறையப் பரு. அண்ணன் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பானே, அது. வேறு வழியில்லாமல் அனுப்பினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "சூப்பர்! இதத்தான் தேடிட்டு இருந்தோம். பருவுக்கு மருந்து கிருந்து போட்டுடாதம்மா. ஷூட்டிங் முடியற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

நவம்பர் 23, திங்கள்

அந்தப் பதிலை அப்படியே தாளில் எழுதி எடுத்துப்போய் சின்னுவிடம் காட்டினேன். படித்தாள். மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்குப் பல்லுக்குக் கம்பி கட்டறதா இருந்துச்சு. படம் முடியட்டும், அதுக்கப்புறம் கட்டிக்கோன்னாங்க. நான் அத நல்லதுக்குன்னு நெனச்சிட்டேன்டி."

அவள் தோளில் கை போட்டேன். தள்ளிவிடவில்லை.

நவம்பர் 26, வியாழன்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "என்னடி சொல்லட்டும்?" என்று அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டார். வரமாட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை.

பருவுக்கு மருந்தும் போடவில்லை.