வாழைக்கறைச் சட்டை

ஆவணி 15, ஞாயிறு

கொல்லையில் தார் வெட்டும்போது வெள்ளைச் சட்டையில் வாழைப்பால் தெறித்துவிட்டது. மனைவி எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கறை பழுப்பாக அப்படியே நின்றது. “இனிப் போகாது. வீட்டுல போட்டுக்கிடுங்க” என்றாள்.

எனக்கு நண்பன் சுடலைமுத்துவின் ஞாபகம் வந்துவிட்டது. படிப்பு முடித்த வருடம் இருவரும் ஒரே வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பினோம். விடியற்காலையில் அப்பாவோடு கூலிக்குத் தார் ஏற்றியதில் என் ஒரே நல்ல சட்டை கறையாகியிருந்தது. முக்கூடல் பேருந்து நிலையத்தில் அவன் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டுக்கொண்டான். வேலை எனக்குத்தான் கிடைத்தது.

இத்தனை வருடம் கேட்காததை இன்று சாயங்காலம் போனில் கேட்டேன். “நீயும் அந்த வேலைக்குத்தானலே வந்தே. ஏன் குடுத்தே?”

“நீ அந்தக் கறையவே தேச்சுக்கிட்டு நின்னேலே. எனக்கு ஊர்ல வயல் இருந்துச்சு. உனக்கு என்ன இருந்துச்சு?”

“என் சட்டைய என்ன செஞ்சே?”

“நடவுக்குப் போட்டே கிழிச்சேன்” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவனுடைய வெள்ளைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அதை மட்டும் அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.